புது ஐயர் வாசித்த ஓலை

1

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேக் வெட்டினார்கள். பாதர் கெல்லர் எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம்.

இது ஓஹையோ மாநிலத்தில், சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரின் எபிஸ்கோப்பல் சபைக் கோயில். ஆராதனைக்கு வருகிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் கூடுதல். அதில் பெரும்பாலானவர்கள் என் அப்பாவை விட மூத்தவர்கள். கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த மிஸஸ் ஆல்டன் திடீரென்று என் பக்கம் திரும்பி, உங்கள் ஊரில் புதுப் போதகரை எப்படி வரவேற்பீர்கள், எல்லோருக்கும் சொல்லேன் என்றார். கோயில் நிர்வாகத்தில் மூத்த பொறுப்பில் இருக்கிறவர் அவர். மறுக்க முடியவில்லை.

அரிசி கொடுப்போம், தேங்காய் கொடுப்போம், வாழைக்குலை கொடுப்போம், மாலை போடுவோம், செண்டை மேளம் உண்டு என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். உட்கார்ந்தேன். பக்கத்தில் என் மனைவி ஷீபா. அவள் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. குனிந்து காதருகே சொன்னாள்: "பாதிய முழுங்கிட்டியளே."

முழுங்கிய பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களில் சிலர் அன்று அந்தக் கோயிலில் இருந்திருப்பீர்கள்.

2

எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை மே மாதத்தில் மாற்றல் உத்தரவு வரும். ஒருவர் போவார், ஒருவர் வருவார். அவர் குடியிருக்கும் இரண்டு அறை ஓட்டு வீட்டுக்குப் பங்களா என்று பெயர். புது ஐயர் வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது பங்களாவின் அடுக்களைக்குப் போகும். அரிசி, தேங்காய், மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, ஒரு பாட்டில் எண்ணெய். யார் கொடுத்தது என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் ஐயரைக் கைக்குள் போடப் பார்க்கிறான் என்று பேச்சு வரும். ஆனால் எல்லோருக்கும் தெரியும். சுளை தடித்த வரிக்கைச் சக்கை, அதாவது பலாப்பழம், வந்திருந்தால் அது பாறவிளை தாசையன் வீட்டுச் சக்கை. தாசையன் என் அப்பா.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அம்மாவும் ரோஸ்லெட் அக்காவும் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை பார்த்தார்கள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் படித்தேன். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். கோயிலிலும் வேதபாடம் வாசிக்க என்னை அழைப்பார்கள். நான் மேடைக்கு ஏறும்போது அப்பா நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாயிரத்து நாலில் நான் பிளஸ் டூ எழுதி முடித்த கோடையில் ஒரு புது ஐயர் வந்தார். அப்பா எங்கள் மரத்திலேயே பெரிய சக்கையைத் தலையில் சுமந்துபோய்ப் பங்களாவில் இறக்கினார். அக்காவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருவட்டார் பக்கத்துக் கொத்தனார். அக்கா அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். அந்த ஒரு தடவையைப் பற்றி அண்டி ஆபீஸில் ஒரு மாதம் பேசினார்களாம்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இப்போது அது காகிதம்தான். பெயர் மட்டும் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக உங்களில் எவருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஐயர் வாசித்துவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார். அந்த நேரத்தில் கோயிலே மூச்சை அடக்கும். பிறகு பாட்டு.

அக்காவின் இரண்டாவது ஓலையில் ஒரு மனிதர் எழும்பி நின்றார். அந்த வருடம் கோயில் கமிட்டித் தேர்தலில் அப்பா அவருக்கு எதிர்க் கட்சிக்கு ஓடி ஆடி வேலை செய்திருந்தார். இந்தப் பெண்ணை என் தங்கை மகனுக்குத் தருவதாகத் தாசையன் வாக்குக் கொடுத்திருக்கிறான், அதனால் இந்த ஓலைக்குத் தடை உண்டு என்றார் அவர். அப்படி ஒரு வாக்கு இல்லை. அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கோயிலில் பாதிப் பேருக்குத் தெரியும். ஐயருக்குத்தான் தெரியாது. அவர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. காகிதத்தை மடக்கி அங்கியின் உள்ளே வைத்தார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ ரெண்டு வார்த்த சொல்லு மக்கா," என்றார், மெதுவாக.

வாயில் வார்த்தை இருந்தது. வாக்கியமாகவே இருந்தது. கால் எழும்பவில்லை. அந்த மனிதர் என் முன்பெஞ்சில், கையெட்டும் தூரத்தில், பின்னங்கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை பங்களாவின் வாசல் திண்டில் நடந்தது. ஆண்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் புகார் பொய் என்று முடிவானது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணத்தையும் முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு மாதமும் அக்கா அண்டி ஆபீஸுக்குப் போய்வந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டு வந்தும் அவள் சம்மதிக்கவில்லை.

3

நான் பிசியோதெரபி படித்தேன். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்க வைப்பது என் தொழில். காலையில் எட்டு மணிக்குத் தொடங்கினால் ஒருவருக்கு அரை மணி நேரம். இடது காலை முன்னால் வையுங்கள், இனி வலது கால், கீழே பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள். நாள் முழுக்க இதே நான்கைந்து வாக்கியம். இவ்வளவு இங்கிலீஷ் போதும் என்று இருந்துவிட்டேன்.

இங்கே வரும்போது ஊர் ஐயர், நம்முடைய சபைக்கும் எபிஸ்கோப்பலுக்கும் ஒரே வேர், அங்கே போ என்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்த முதல் ஞாயிறே போனேன். பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். முடிந்ததும் முன்பெஞ்சிலிருந்த ஒரு வயதான அம்மா திரும்பி, காப்பி குடிக்க இருக்கிறாயா என்று கேட்டார். அவர்தான் மிஸஸ் ஆல்டன். நான் தலையை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நம் பக்கத்தில் முதல் தடவை கேட்டதும் போய் உட்காருகிறவர் உண்டா? மரியாதைக்குக் கொஞ்சம் தயங்கி நிற்க வேண்டும். இரண்டாவது தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள். அதற்காக நான் வாசலருகே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே கோப்பைகளின் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து ஆசீர்வாதம் கூறியதும் நேரே காருக்குப் போய்விடுவேன். மூன்று வருடம் அப்படியே போனது. நடுவில் பழைய போதகர் ஓய்வு பெற்றுவிட்டார். கோயில் ஒரு வருடத்துக்கு மேல் போதகர் இல்லாமல் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் எனக்குச் சிதறால் பக்கத்தில் பெண் பார்த்தார்கள். ஷீபா, பள்ளிக்கூட டீச்சர். எல்லாம் கூடி வந்தபிறகு இப்போதைய ஊர் ஐயர் ஒரு நிபந்தனை போட்டார். பக்கத்துச் சேகரத்தில், அதாவது அடுத்த ஐயரின் வட்டாரத்தில், வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவனுக்கு அங்கேயே ஒரு மனைவி இருந்தது கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்ததாம். அதனால் நான் போகும் கோயிலின் போதகரிடமிருந்து, இவன் எங்கள் சபையான், கல்யாணம் ஆகாதவன், தடை ஒன்றும் இல்லை என்று கையெழுத்தோடு கடிதம் வந்தால்தான் ஓலை வாசிப்பேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு வருடக் கடைசியில் இரண்டு வாரம்தான் லீவு. பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். டிசம்பர் முதல் ஞாயிறுக்குள் கடிதம் ஊரில் இருக்க வேண்டும். தவறினால் கல்யாணம் இன்னொரு வருடம் தள்ளும். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் தள்ளிப்போவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட இங்கே போதகர் இல்லை. செப்டம்பரில் புதியவர் வருகிறார் என்று மிஸஸ் ஆல்டன் ஆராதனையில் அறிவித்தபோது அந்தக் கோயிலில் என்னைப் போல சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

4

அவர் குடிவருவதற்கு முந்தின சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி இந்தியக் கடைக்குப் போனேன். ஒரு மூட்டை அரிசி, நான்கு தேங்காய், உறையவைத்த மரச்சீனிக் கிழங்கு இரண்டு பாக்கெட். ஏத்தன் வாழைக்குலை கிடைக்கவில்லை. இங்குள்ள கடையிலேயே ஒரு சீப்பு மஞ்சள் பழம் வாங்கிக்கொண்டேன். பட்டப்பகலில் போதகர் வீட்டின் பின்வாசல் படியில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். பெயர் எழுதவில்லை. எப்படி எழுதுவது?

மறுநாள் பிஷப் வந்து அவரைப் பதவியில் அமர்த்தினார். இங்கே அதற்கு ஒரு முறை உண்டு. சபையார் ஒவ்வொருவராக முன்னே போய் ஒவ்வொன்றைப் புதியவர் கையில் கொடுப்பார்கள். ஒருவர் வேதாகமம், ஒருவர் தண்ணீர், ஒருவர் எண்ணெய், ஒருவர் கோயில் சாவி. கொடுக்கும்போது ஒவ்வொருவரும் தன் பெயரை உரக்கச் சொன்னார்கள். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன்.

அன்று நான் காருக்கு ஓடவில்லை. கடிதம் கேட்க வேண்டுமே. முதல் தடவையாகக் காப்பிக் கூடத்துக்குள் போனேன். சுவரோரம் ஏழைகளுக்குக் கொடுப்பதற்காக டப்பா உணவுகள் அடுக்கிய ஓர் அலமாரி. அதன் கீழ்த் தட்டில் என் அரிசி மூட்டை. பீன்ஸ் டப்பாக்களுக்கு இடையில் என் நான்கு தேங்காய்கள். யாரோ தர்மத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துத் தூக்கிவந்திருக்கிறார்கள். மரச்சீனியைக் காணவில்லை.

என்னுடையது என்று சொல்லத் தோன்றவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

5

பாதர் கெல்லர் போதகராவதற்கு முன் இருபது வருடம் நில அளவையாளராக இருந்தவர். அறையில் பைபிளுக்குப் பக்கத்திலேயே செங்குத்துப் பார்க்கும் ஒரு பழைய பித்தளைக் குண்டு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சபைப் பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். என் பெயர் இல்லை. சபையில் சேர ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். நம் ஊரில் ஞானஸ்நானத்தோடு பெயர் ஏறிவிடுகிறது. மூன்று வருடம் வந்து உட்கார்ந்தால் அது சேர்ந்தது ஆகாது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்: என் கண்ணால் பார்க்காத எல்லைக் கல்லை நான் எந்த வரைபடத்திலும் போட்டதில்லை. உன்னை எனக்கு ஒரு வாரமாகத்தான் தெரியும். நீ கல்யாணம் ஆகாதவன் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? இங்கே உன்னை நன்றாகத் தெரிந்த மூன்று பேரின் பெயரைச் சொல், அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு முதியோர் இல்லத்துப் பெரியவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். யாருக்கு எந்த முட்டி எத்தனை பாகை மடங்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், கீழே பார்க்காதீர்கள் என்று சொல்கிறவன் என்பதுதான். மூன்று வேண்டாம், ஒரு பெயராவது சொல்லலாம் என்று யோசித்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அவர் எழுந்து ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். இங்கேயும் ஓலை உண்டு. இந்தக் கோயிலில் யாரும் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது, அவ்வளவுதான். எனக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன், ஆனால் மூன்று ஞாயிறு எல்லோரிடமும் கேட்கிறேன், என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதித் தருகிறேன் என்றார்.

ஓலையில் வாசிக்க வேண்டிய பெயர்களைச் சொன்னேன். வீட்டுப் பெயரும் வேண்டும் என்றேன். பாறவிளை. விளை என்றால் என்ன என்று கேட்டார். மரம் நிற்கும் ஒரு துண்டு நிலம் என்றேன். எவ்வளவு அளவு? பதினொரு சென்ட். அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

6

முதல் ஞாயிறு. தாசையன் மகன் ஜஸ்டின் என்று அமெரிக்கக் கோயிலில் அப்பாவின் பெயர் ஒலித்தது. பாறவிளை என்பதைத் தடுமாறினாலும் சரியாகவே சொன்னார். தடை ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

யாரும் அசையவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஊரில் அந்த அமைதிக்குள் எத்தனை பேருடைய பார்வை இருக்கும். இவனைத் தெரியும், இவன் அம்மாவைத் தெரியும், சின்ன வயதில் யாருடைய மாங்காயைத் திருடினான் என்பது வரைக்கும் தெரியும், அவ்வளவும் தெரிந்துதான் சும்மா இருக்கிறோம் என்பது போல ஓர் அமைதி. இங்கே தலைகள் மெல்லத் திரும்பின. யாரைப் பற்றி வாசிக்கிறார் என்று தேடின. சிலர் தவறான பெஞ்சைப் பார்த்தார்கள்.

இரண்டாவது ஞாயிறு நான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு நடந்தது இரண்டாவது ஓலையில்தான். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு பாதர் வாசித்து நிறுத்தியதும் எனக்கு முன்பெஞ்சில் மிஸஸ் ஆல்டன் எழும்பி நின்றார். கைத்தடியை ஊன்றி, முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. நான் பார்த்தது அவருடைய பின்னங்கழுத்தைத்தான். பதினொரு வருடம் முன்னால் பார்த்த அதே தூரம். என் கை தானாக ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தது.

"எனக்குத் தடை எதுவும் தெரியாது," என்றார் அவர். "இந்தப் பையனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். மூன்று வருடமாக எனக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுகிறான். முதல் நாள் காப்பி குடிக்கக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. நான் வருந்துகிறேன்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் சரி என்பதற்கு எப்படித் தலையை ஆட்டுவோமோ அப்படித்தான் ஆட்டினேன். பக்கவாட்டில். அது அவருக்கு மறுப்பு. மூன்று வருடம் அவர் என்னை மறுத்துவிட்டவன் என்று நினைத்தார். நான் அவரை இரண்டாவது தடவை கேட்காதவர் என்று நினைத்தேன்.

7

கடிதத்தில் பாதர் கெல்லர் சொன்னபடியே நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். மூன்று ஞாயிறிலும் தடை எதுவும் தெரிவிக்கப்படவில்லை. மூன்றாம் ஞாயிறு சபையின் பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று, இவரை அறியாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அது பொய்யா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியே அனுப்பினோம்.

நான் பயந்தது போலவே ஆயிற்று. ஊர் ஐயர் கமிட்டியில் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அப்பா பால்வெட்டப் போன இடத்தில் ஒருவர் கேட்டாராம்: "தாசையா, அமெரிக்கால உம்ம மோனுக்க ஓலைல ஒரு பொம்பள எழும்பி நின்னாளாமே?" வயது, கைத்தடி, வருத்தம் எல்லாம் வழியில் உதிர்ந்துபோயின. பொம்பள எழும்பி நின்றாள் என்பது மட்டும் சிதறால் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஷீபாவின் தாய்மாமன், இந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். இதை அப்பாதான் போனில் எனக்குச் சொன்னார். டிசம்பர் முதல் ஞாயிறுக்கு ஒன்பது நாள் இருந்தது.

போனது அக்கா. யாரிடமும் கேட்கவில்லை. அண்டி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு பஸ் மாறி, தனியாக ஷீபா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே பேசியதை ஷீபாதான் பிறகு எனக்குச் சொன்னாள். தாய்மாமனிடம் அக்கா ஒன்றும் பேசவில்லை. ஷீபாவைப் பார்த்து இவ்வளவுதான் சொன்னாளாம்: "எனக்க ஓலையிலயும் ஒருத்தன் எழும்பி நின்னான். எல்லார்ட்டயும் விசாரிச்சாவ. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. நீ எனக்க தம்பிகிட்ட கேளு மக்களே. கேட்டுட்டு, வேண்டாமுண்ணா வேண்டாம்."

அன்று ஷீபா எனக்குப் போன் செய்தாள். அதுவரைக்கும் நாங்கள் சாப்பிட்டாச்சா, அங்கே குளிரா என்றுதான் பேசியிருந்தோம்.

"அந்த அம்மைக்கு எத்தன வயசு?"

"எழுபத்தாறு."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "மூணு வருசமா ஒரே கோயிலுக்குப் போறிய. ஒரு ஆளுக்குக்கூட உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாதா? அப்படி என்னத்த ஒளிச்சு வச்சிருக்கிய?"

"ஒண்ணும் ஒளிக்கல்ல. ஒருத்தரும் ரெண்டாவது கேக்கல்ல, அவ்வளவுதான்."

"செரி. நான் ரெண்டாவது கேக்கேன். சொல்லுங்க."

அப்போதுதான் அது வெளியே வந்தது. அக்காவின் இரண்டாவது ஓலை, அப்பா திரும்பிப் பார்த்தது, என் கால் எழும்பாதது. வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

"இத அக்காகிட்ட சொன்னியளா?"

"இல்ல."

"எனக்கு உங்கள வேண்டாமுண்ணு இல்ல. அதுக்கு மாமன்கிட்ட நான் பேசிக்கிடுகேன். ஆனா இத மொதல்ல அக்காகிட்ட சொல்லுங்க."

8

ஊரில் முதல் ஓலையும் இரண்டாவது ஓலையும் நான் இல்லாமலே வாசிக்கப்பட்டன. ஒருவரும் அசையவில்லை என்று அப்பா சொன்னார். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் ஊர் வந்து சேர்ந்தேன். வியாழக்கிழமை கல்யாணம்.

கோயிலில் அதே ஆண்கள் பக்கம், அதே பெஞ்சு. ஐயர் என் ஓலையை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று நிறுத்தினார். நான் எழும்பி நின்றேன்.

மாப்பிள்ளையே எழும்பி நின்றால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெண்கள் பக்கத்தில் அம்மா வாயில் முந்தானையை வைத்தாள். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு என் ஓலைக்குத் தடை ஒன்றும் இல்லை என்றேன். பதினொரு வருடத்துக்கு முன் இதே இடத்தில் எங்கள் அக்காவின் ஓலைக்குச் சொன்ன தடை பொய். அது எனக்கு அன்றே தெரியும். எழும்பிச் சொல்லும்படி அப்பா சொன்னார், நான் எழும்பவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஐயர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, இது மூன்றாவது ஓலை என்று முடித்தார். பாட்டுத் தொடங்கியது.

வெளியே புளிய மரத்தடியில் நிறையப் பேர் வந்து கையைப் பிடித்தார்கள். தாசையன் மகன் தாசையன் மகன்தான் என்றார் ஒருவர். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அக்காவை மட்டும் காணவில்லை. குடையை விரித்துக்கொண்டு முன்னாலேயே நடந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அடுக்களைப் பின்புறம் உட்கார்ந்து சாளை மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அண்டிக் கறை படிந்து கறுத்த விரல்கள். நான் வாசலில் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"அண்ணைக்கு எழும்புனவன் செத்து ரெண்டு வருசமாச்சு. தெரியும் இல்லியா?"

"தெரியும்."

"அந்த வெள்ளக்கார அம்மைக்கு மூணு வருசம் ஆச்சு எழும்ப. ஒனக்குப் பதினொண்ணு." ஒரு மீனைத் தண்ணீரில் போட்டு அடுத்ததை எடுத்தாள். "பெயிட்டு சட்டைய மாத்து. மீன்வெள்ளம் தெறிக்கும்."

கல்யாணத்தில் எல்லா வேலையையும் அவள்தான் இழுத்துப்போட்டுச் செய்தாள். ஷீபாவுக்குத் தலையில் பூ வைத்ததும் அவள்தான். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்காக ஷீபாவிடம் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், யார் ஓலை வாசித்தது என்றெல்லாம் கேட்டார்களாம். பாதர் கெல்லரின் கடிதத்தையும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே வந்த முதல் ஞாயிறே ஷீபா மிஸஸ் ஆல்டனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நான் தாளை நிரப்பிக் கொடுத்துச் சபையில் சேர்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் காப்பிக் கூடத்தில் நிற்கிறேன். என் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள்.

ஞாயிறுதோறும் கோயிலிலிருந்து வந்ததும் ஊருக்குப் போன் செய்வேன். அக்கா எடுத்தால் அவள் கேட்பது ஒன்றுதான்: "கோயில்ல காப்பி குடிச்சியா?" குடித்தேன் என்பேன். நிஜமாகவே குடித்தாயா என்று இரண்டாவது தடவையும் கேட்பாள். பிறகு நான் கேட்பேன், நீ நல்லா இருக்கியா அக்கா என்று. கொள்ளாம், சுகம்தான் என்பாள்.

நான் இரண்டாவது தடவை கேட்பதற்குள் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது.